அடுக்களை வரைக்கும் வரணுமாம்

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு நான் விளையாடிக்கொண்டிருந்த ஆன்லைன் கேம் இன்று காலை என்னை வெளியே தள்ளிவிட்டது. இனி விண்டோஸ் போட்டு, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் அவர்களுடைய மென்பொருளையும் ஏற்றினால்தான் உள்ளே விடுவார்களாம்.

திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டுக்கு வந்திருந்த அம்மாஞ்சியிடம், மாமா பையனிடம், புலம்பினேன். ஐடி கம்பெனிக்காரன்.

"கள்ளக்களி பிடிக்கறதுக்காக்கும், கேட்டயா? கர்னல் வரைக்கும் போய்ப் பாக்கும். அத்ரேயுள்ளு, வேறொண்ணும் இல்லை."

கர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடிவயிறு. அங்கே புகுந்தவனுக்கு என் ஃபைல், பாஸ்வேர்ட் எதுவும் மறைவில்லை. அதைச் சொன்னேன்.

"நீ கள்ளக்களிக்காரன் இல்லையே? பின்ன என்னத்துக்கு பயம்?"

சொல்லிக்கொண்டே வடை எடுக்க அடுக்களைப் பக்கம் போனான். அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்.

"அங்கயே நில்லுடா! நான் குளிச்சு மடியா இருக்கேனாக்கும். நைவேத்யம் இன்னும் ஆகலை. பஸ்ல வந்த காலோட உள்ள வராதே!"

"அத்தை, நான் திருடவா வரேன்?"

"உன்னைத் திருடன்னு யாருடா சொன்னா? அடுக்களை என்னோடதாக்கும்!"

அம்மாஞ்சி நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

விண்டோஸ் போடவில்லை.

உங்கள் அடுக்களைக்குள் இப்போது யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா?