பலகைச் சுவரில் ஐந்து வரிகள்

மலாய் நாட்டில், கோலா சாவா பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டியவை இரண்டு மிஞ்சியிருந்தன. மேட்டில் துரை பங்களா. பள்ளத்தில் எங்கள் லயம். பத்து வீடுகள் ஒட்டிய நீளமான பலகைக் கட்டடம் அது. எட்டு வீடுகள் காலி. ஒன்றில் அப்பா இருந்தார், அடுத்ததில் ஓர் அக்கா.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடிக்கப்போவதாகத் தாள் ஒட்டினார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு நான் மனு எழுதினேன். பதிவில் ஏறிவிட்டால் எளிதில் இடிக்க முடியாது. அதற்கு ஆதாரம் வேண்டும். பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு அது புரியாததல்ல.

எங்கள் ஆதாரம் வீட்டுக்குள் இருந்தது. நடு அறைப் பலகையில் தாத்தா கரியால் பிள்ளைகள் பிறந்த நாளை எழுதினார். பிறகு அப்பா எழுதினார். மொத்தம் ஐந்து வரிகள். கடைசி வரி என் தங்கை. பதினெட்டு நாள் இருந்தாள். பிறப்புப் பத்திரம் எடுப்பதற்குள் போய்விட்டாள். அவள் பிறந்ததற்கு வேறு எழுத்து எங்கும் இல்லை. அதைப் படம் எடுத்து மனுவோடு வைத்திருக்கலாம். அதிகாரி நேரில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி வரும் நாள் தெரிந்ததும், நான் குடியிருக்கும் மந்தின் டவுனிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கிழம ஆபிசர் லயம் பாக்க வர்றாங்கப்பா. ரெடியா இருங்க." வேறு எதுவும் சொல்லவில்லை.

துரை லயம் பார்க்க வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். சாக்கடை கழுவ வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். உள்ளே கிறுக்கல் தெரிந்தால் கங்காணி திட்டுவார். அந்த நாள்களில் அம்மா ஐந்து வரிகளின் மேல் சாமி படக் காலண்டரைத் தொங்கவிடுவார். அம்மா இப்போது இல்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"ரெண்டு நாளா சாயம் அடிக்கிறதுதான் வேல தம்பி. பொண்ணு பாக்க வர்றாங்களா மாமான்னு கேட்டேன், மொறைக்கிறாரு."

"வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போகணுமா?" என்றார் அப்பா.

வெளியே நீலம், உள்ளே வெள்ளை. பலகையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடித்திருந்தார்.

அதிகாரி இளம் மலாய்ப் பெண். மனுவில் சொன்ன எழுத்து எங்கே என்று மலாயில் கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார். விரலில் சாயம் ஒட்டியது. அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

"அதையா பாக்க வந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

பங்களாவை யாரும் தொட்டதில்லை. கூரையில் செடி முளைத்து, ஜன்னல்கள் சரிந்து, கட்டியபடியே கிடந்தது. அது பதிவில் ஏறியது. லயத்தின் பழைமையை உறுதிசெய்யத் தடயம் இல்லை என்று கடிதம் வந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

லயத்தை ஒரே காலையில் இடித்து முடித்தார்கள். அப்பா இப்போது மந்தினில் என்னோடு இருக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, தங்கை பிறந்தது என்ன தேதி என்று கேட்டேன்.

"பன்னெண்டுன்னு நெனைக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இல்ல, பதிமூணா இருக்கும். அதுல எழுதியிருந்தேன்."