வெள்ளிமலை ரோட்டில் ஒரு சத்தமில்லாத கார்

போன வாரம் நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் இந்த வாரம் என் பத்தி வராது.

நண்பர் சேகர் ஒரு கார் கம்பெனி இன்ஜினீயர். சத்தத்தைக் குறைப்பதுதான் அவர் வேலை. இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு சொகுசு காரோடு கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேடு ஏறும்போது இன்ஜினும் சைலன்சரும் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்று பதிவு செய்ய வேண்டுமாம். உதவியாளர் காய்ச்சலில் லாட்ஜில் படுத்துவிட்டார்.

"சும்மா பக்கத்துல உக்காருங்க சார், போதும்" என்றார் சேகர்.

அப்படிப்பட்ட காரில் சும்மா உட்காரக் கசக்குமா என்ன?

கச்சிராயப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா சார், கரண்டு வண்டியா?"

"பெட்ரோல்தாங்க. இப்பக்கூட ஸ்டார்ட்லதான் இருக்கு" என்றார் சேகர்.

அவர் நம்பவில்லை. குனிந்து பின்னால் புகைக்குழாய் பக்கம் கையை நீட்டி, சூடு பட்ட பிறகுதான் தலையாட்டினார். சேகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... மூன்று வருஷ உழைப்பாம்.

மலை ஏறும் முன் எனக்குச் சட்டதிட்டம் சொல்லப்பட்டது. சீட்டில் தலை சாயும் இடத்தில் இரண்டு மைக், சைலன்சர் பக்கம் ஒன்று. லேப்டாப் என் மடியில். பட்டனை அமுக்கியதும் பேசக் கூடாது, இருமக் கூடாது. அவரும் ஹாரன் அடிக்க மாட்டார். வேறு சத்தம் விழுந்தால் பதிவு வீண் – திரும்பக் கீழேயிருந்து ஏற வேண்டும்.

முதல் தடவை தும்மினேன். இரண்டாவது தடவை, "அட, குரங்கு" என்றேன். இரண்டு தடவையும் சேகர் முகம் சுளிக்காமல் காரைக் கீழே இறக்கினார். சுளிக்காததுதான் உறைத்தது. மூன்றாவது தடவை உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

உயிரே போனாலும்... யார் உயிர்?

ஒரு வளைவு திரும்பினோம். ரோட்டில் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. நம் பக்கத்தில் இது புதிதில்லை. போகிற வண்டிகளின் சக்கரமே கதிரடித்துக் கொடுத்துவிடும். வண்டி வராத நேரத்தில் கூட்டி அள்ளுவார்கள். அப்படித்தான் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார். நடு ரோட்டில். எங்களுக்கு முதுகு காட்டி.

நான் பார்த்தேன். சேகரும் பார்த்தார். அந்தப் பெண் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? அவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே.

நீங்களாக இருந்தால் கத்தியிருப்பீர்கள். நான் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். சத்தியமாக. சேகரின் கால் பிரேக்கை மிதித்தது; கை ஹாரனுக்குப் போகவில்லை. செடிகள் மேல் டயர் சத்தமே இல்லாமல் வழுக்கி, வழுக்கி... நின்றது. அந்தப் பெண்ணுக்கும் காருக்கும் நடுவே ஒரு விளக்குமாற்று நீளம்.

அப்போதும் அவருக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டே பின்னால் ஓரடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். இடுப்பு பானெட்டில் இடித்தது. திரும்பினார்.

கார் நிற்கிறது. உள்ளே இரண்டு ஆம்பளைகள். இருவரும் வாயை மூடிக்கொண்டு.

நாங்கள் இறங்கினோம். அந்தப் பெண் கொள்ளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்பங்க வந்தீங்க? பஸ்ஸுன்னா ரெண்டு வளைவு கீழ வரச்சொல்லவே தெரியும். ஜீப்பு, லாரி எல்லாம் தெரியும். சத்தத்த வச்சிதாங்க ஒதுங்கிக்குவோம். நான் பாட்டுக்கு கூட்டிக்கினு இருக்கேன்..."

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் சேகர்.

அவர் சேகரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. நீங்க சும்மாதான உக்காந்துகினு இருந்தீங்க? ஒரு கொரல் குடுத்தா இன்னாங்க?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது என்றா சொல்வது?

அவரைத் தண்ணீர் குடிக்க வைத்து, கொள்ளை ஓரமாக அள்ளிக் கொடுத்துவிட்டு, காரில் வந்து உட்கார்ந்தோம். லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சேகர் அதை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டிக் கேட்டார். முகம் வெளிறிவிட்டது.

"எடுத்ததுலயே இதுதான் சார் சுத்தமான பதிவு" என்றார். "அந்தம்மா பேசினது வரைக்கும் வெட்டாம அப்படியே ஆபீசுக்கு அனுப்பறேன். அவங்களும் கேக்கட்டும்."

நானும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். வளைவு திரும்பியதிலிருந்து கார் நின்றது வரை நான்கு விநாடி. இன்ஜின் சத்தம் இல்லை, சைலன்சர் சத்தம் இல்லை. விளக்குமாறு தாரில் உரசுவதுகூடக் கேட்கிறது.

உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வாரா வாரம் இங்கே குரல் கொடுக்கிற ஆள் நான். அந்த நான்கு விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்... என் குரல் மட்டும் அதில் இல்லை.