நோயைக் காட்டத் தெரியாதவர்

குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டதும் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் அவள். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், ஈரத் தரையில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். நல்லவேளை, விழவில்லை. ஆனால் நகரவும் முடியவில்லை. கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

"என்ன வேடிக்க பாக்குற? வண்டி பிரேக்டவுன். எறங்கித் தள்ளு."

சிரித்துக்கொண்டே தள்ளினாள். சிரிக்காவிட்டால் அழுதிருப்பாள்.

பார்க்கின்சன் நோய் முதலில் அவர் வலது கையில் சின்ன நடுக்கமாகத்தான் வந்தது. பிறகு சட்டைப் பொத்தான், சோற்றுக் கவளம், புரண்டு படுப்பது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் மனிதர். அதன் வேகம் இறங்கினால் வெறும் மரக்கட்டை. அந்த மரக்கட்டையைத் தூக்கித் தூக்கி அவளுடைய தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது.

மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைக்கும் சிகிச்சை முன்பே உண்டு. இப்போது வந்திருப்பது, மூளையின் போக்கைத் தானே கவனித்து மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் புதுக் கருவி. ஒரு பெரிய ஆஸ்பத்திரி அதற்கு ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. அவரைப் பரிசோதிக்க இன்று ஆராய்ச்சி நர்ஸ் வீட்டுக்கே வருகிறாள். முந்தின இரவிலிருந்து மாத்திரை தரக்கூடாது என்று போனில் சொல்லியிருந்தாள்.

நாற்காலியில் உட்கார வைத்ததும் அவர் கெஞ்சினார். "ஒண்ணே ஒண்ணு குடு. வர்றவ முன்னாடி என் மானத்த வாங்காத."

"கூடாதுன்னாங்களேங்க."

"வருசா வருசம் ஃபிட்னஸ் டெஸ்ட்டுக்கு என்னை எப்படி அனுப்புவே? மறந்துட்டியா?"

மறப்பாளா? டெஸ்ட் நெருங்கினாலே அவர் சாப்பாட்டில் உப்பைக் குறைப்பாள். கண் பரிசோதனை எழுத்துகளை மனப்பாடம் செய்ய வைப்பாள். அதில் தவறினால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அந்த வீட்டில் பரிசோதனை என்றால் நோயை மறைப்பது என்றுதான் அர்த்தம். எழுந்து நிற்க முடியாதவரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவளுக்கும் தோன்றியது. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள்.

நர்ஸ் வந்தபோது மருந்து நன்றாக ஏறியிருந்தது. விரலைத் தட்டச் சொன்னாள்; தாளம் தப்பாமல் தட்டினார். நடக்கச் சொன்னாள், நடந்து, முனையில் வளைத்துத் திரும்பினார்.

"ரிவர்ஸும் போகட்டாம்மா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஐயா, உங்களைப் பாத்தா நோயாளின்னு யாருமே சொல்ல மாட்டாங்க."

எத்தனை காலமாக இறுகிக் கிடந்த முகம் அது! சட்டென்று மலர்ந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்!

நர்ஸ் தன் கையாலேயே ஒரு மாத்திரை கொடுத்துக் காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னாள். முடிவில் அவள் சிரிப்பு மறைந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா. மாத்திரைக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்தாரு, பின்னாடியும் அப்படித்தான் இருக்காரு. மாத்திரை போடாம ரொம்ப முடியாம இருந்து, போட்டதும் தெளியணும். அந்த மாதிரி ஆளுக்குத்தான் இந்தக் கருவி உதவும். இவரை எடுக்க முடியாது."

அவள் பதறினாள். "ஐயோ, நான்தாம்மா பாவி! நீ வர்றதுக்கு முன்னாடியே ஒரு மாத்திரை குடுத்துட்டேன். காலையில வந்து பாத்திருந்தா உனக்கே அழுகை வந்திருக்கும்!"

நர்ஸ் அவரிடம் திரும்பினாள். "நெஜமாய்யா? உங்க வாயால சொல்லுங்க. இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இல்லேன்னா இந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும்."

ஆமாம் என்ற ஒரே ஒரு சொல். அதற்காக அவள் இரு கைகளையும் கோத்தபடி அவர் வாயையே பார்த்தாள். அவரோ நர்ஸைப் பார்த்தார். அந்தப் பாராட்டின் பூரிப்பு இன்னும் முகத்தில் கலையவில்லை.

"நான் ஒண்ணும் சாப்பிடல. டெஸ்ட்டுல பொய் சொல்ற ஆளா நான்? படுக்கையில கெடக்குறவனாவே பாத்துப் பாத்து இவளுக்குப் பழகிப்போச்சும்மா. நான் எழுந்து நடந்தா இவளுக்குப் பொறுக்கல."

"ஏங்க!" என்றாள் அவள். அவரைக் குளிப்பாட்டிய கை, ஊட்டிய கை, இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்த கை. அந்தக் கையைத்தான் ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் பாராட்டுக்காக வெட்டிப் போட்டார்.

"கடைசியா கேக்குறேங்கய்யா."

"அதான் சொல்லிட்டேனேம்மா. கஷ்டப்படுற யாருக்காச்சும் குடுங்க, பாவம்."

நர்ஸ் பையை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மருந்து இறங்கிவிடும். அப்போது தாங்கிப் பிடிக்க இந்த வீட்டில் ஒருத்திதான் உண்டு என்பது மூவருக்கும் தெரியும்.

"நீ உக்காரு, நானே வழியனுப்புறேன்" என்று மனைவியைத் தடுத்துவிட்டு, யார் துணையும் இல்லாமல் அவர் வாசல் வரை நடந்தார்.

"பாத்துப் போம்மா" என்றார். நர்ஸ் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.