தெருமுனைப் பூட்டு

எங்கள் தெருவில் பாவு போடும் நாளில், பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கோயிலுக்கு வரும் வேன்கள் உள்ளே நுழைந்துவிடாமல் தெருமுனையில் இரும்புத் தடுப்பைப் பூட்டுவோம். அன்று யாருடைய பாவோ அவரிடம் சாவி. வேலை முடிந்ததும் அவரே திறந்துவிட வேண்டும்.

அந்த ஆவணி வெள்ளிக்கிழமை யாருக்கும் பாவு இல்லை. முந்தின நாள் பாவு போட்டவர் பூட்டைத் திறக்காமலே, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஐயம்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். முற்பகலில் தெருக்கோடி வீட்டில் தறி அறை பற்றிக்கொண்டது. அங்கே தனியாக நெய்துவந்த பெண்ணை வெளியே இழுத்துவிட்டோம். தறியை இழுக்க முடியுமா? அதில் முந்தானை மட்டுமே பாக்கியாக ஒரு கல்யாணப் புடவை.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தது நான். தெரு, அடையாளம், உள்ளே ஆள் உண்டா, சிலிண்டர் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். வண்டி விரைவாகவே வந்தது. வந்து, தடுப்பின் முன் நின்றது.

"பூட்டத் தொறங்கபா!"

"சாவி ஐயம்பேட்டைல இருக்குது சார்."

இருவர் பூட்டை அறுக்க, மற்றவர்கள் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தெருக்கோடிவரை எட்டவில்லை. அதற்குள் ஓர் இளைஞன் செல்போனை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இவ்ளோ நேரம் தூங்கிக்கினு இருந்தியா?"

"உங்க பூட்டாண்டதான்பா நின்னுக்கினு இருக்கேன். அதையும் சேத்துப் படம் புடி."

பூட்டு அறுந்து வண்டி உள்ளே போனபோது தறி கரிக்கட்டையாகியிருந்தது. அப்போதும் அந்த ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். வெட்கங்கெட்ட தெரு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாலையில் தெருச் சங்கம் கூடியது. எதற்கு? தீயணைப்பு நிலையத்தின் மீது புகார் கொடுக்க.

"நாள், நேரமெல்லாம் நீங்கதான் குறிச்சி வெப்பீங்க. வண்டி லேட்டுன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார் தலைவர், சங்கக் குறிப்பேடு எழுதும் என்னிடம்.

"வண்டி லேட் இல்ல. எழுதினா பூட்டைத்தான் எழுதுவேன்."

"தெரு மானத்த வாங்காதீங்க சார்."

அவர் பக்கத்திலேயே புதுப் பூட்டு ஒன்று, அட்டைகூடப் பிரிக்காமல், இருந்தது. தறியை இழந்த பெண் எழுந்து வந்து கையை நீட்டினாள். விரலிடுக்கில் இன்னும் கரி.

"சாவிய என்கிட்ட குடுங்க. எனக்கு இனிமே பாவும் கெடையாது, தறியும் கெடையாது. எங்கயும் போமாட்டேன்."

யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாத்துக்கலாம்மா" என்ற தலைவர், பூட்டைப் பிரித்து, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.