தட்டாமல் ஏற்றிய ஈக்கள்

ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஈக்களுக்குச் சமையல்காரன். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் பெரிய பாத்திரத்தில் கூழாகக் காய்ச்சி, விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் ஓர் அங்குலம் ஊற்றி ஆற வைப்பது என் வேலை. இருபது வருடமாக என் சமையலை ஒரு வார்த்தை குறை சொல்லாத கூட்டம் அது. இதை வீட்டில் சொன்னால் அடுப்படிக்குள் தள்ளிவிடுவார்கள் என்பதால் நான் சொன்னதில்லை.

அந்தக் குப்பிகளில் குடும்பம் நடத்தியவை பழ ஈக்கள். கனிந்த பழத்தைச் சுற்றுமே, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, அந்த ஈ. அவற்றை வளர்த்தவளைத்தான் நாங்கள் ஈக்காரம்மா என்போம். குப்பி கழுவ வந்தவள். இரண்டே வருடத்தில் அறுநூறு வம்சமும் அவள் பொறுப்புக்குப் போயிற்று. சிவப்புக் கண், வெள்ளைக் கண், சுருண்ட இறக்கை என்று ஒவ்வொன்றும் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். வியாபாரம் படுத்தவன்தான் ஈ ஓட்டுவான், நீ ஈ ஓட்டியே சம்பளம் வாங்குகிறாயே என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"நீங்க அதுக்குச் சோறாக்கிப் போட்டு வாங்குறீங்களே அண்ணே, அது மட்டும் என்னவாம்?" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பழக்கம்.

படித்தவர்கள் எதற்கு ஈயைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் அவளிடம் பதில் இருந்தது. "நமக்கு வர்ற நோய்ல முக்காவாசியை அதுக்கும் வர வைக்கலாம். நாம பேரன் பேத்தியைப் பாக்க அம்பது வருஷம் ஆகும். அது ஒரு மாசத்துல பாத்துடும்." ஆராய்ச்சியை நடத்துகிற புரொபசர் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

அவள் வீட்டுக்காரர் பெயின்டர். மூன்றாவது மாடிச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி பாடிக்கொண்டே வேலை செய்கிற ஆள். நாற்பது வயதில் சமதரையில் தடுக்கி விழ ஆரம்பித்தார். குடிக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். அந்த மனுஷன் சோடாவைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். கடைசியில் டாக்டர் ஒரு நோயின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் நான்காவது தட்டில் ஒட்டியிருந்த அதே பெயர். மனிதரிடம் கெட்டுப்போகிற அந்த மரபணுவை ஈக்குள் வைத்து, புரொபசர் அப்போதுதான் ஒரு வம்சத்தை உண்டாக்கியிருந்தார். அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய். பிள்ளை இல்லையே என்று பல வருடம் அழுதவள், அன்றோடு அந்த அழுகையை விட்டாள்.

நோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குப்பியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் ஈக்களெல்லாம் அடியில் விழும். விழுந்த ஈ மேலே ஏறத்தான் பார்க்கும், அது அதன் பிறவிக்குணம். பத்து விநாடிக்குள், குப்பியின் மேல்பக்கம் போட்ட கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ண வேண்டும். நல்ல ஈ என்றால் பத்துக்கு ஒன்பது தாண்டிவிடும். இந்த வம்சத்தில் மூன்று தாண்டினால் அதிகம். மற்றவை காலை இழுத்து இழுத்துப் பாதியில் உருண்டு விழும். புரொபசர் எண்ண உட்கார்ந்தால் அவள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவாள்.

மூன்று வருடம் போனது. முதல் வருடத்துக்குப் பிறகு அந்த வம்சத்தை எண்ணுகிற வேலை வரவில்லை. பெயின்டர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார், அப்படியும் நாளுக்கு இரண்டு தடவை விழுந்தார். அப்போது ஒரு புது மருந்து வந்தது. புரொபசர் அதை அளந்து தர, நான் கூழில் கலந்து தனிக் குப்பிகளில் ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்து எண்ணினார். பத்துக்கு எட்டு! பழைய நோட்டைப் புரட்டி முதல் வருடக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் அடுப்புப் பக்கம் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மனுஷனுக்கு வர்றதுக்கு வருஷக்கணக்காகும்மா" என்று நான் அவளை அடக்கப் பார்த்தேன்.

"ஆகட்டும்ணே. ஏறுதுல்ல?" என்றாள்.

வீட்டில் சொல்லியிருக்கிறாள். காய்ந்து கட்டையாய்க் கிடந்த பிரஷ்களைத் தின்னரில் ஊறப் போடச் சொன்னாராம் அவர். சிரித்துக்கொண்டே சொன்னாள். 

அடுத்த வாரம் அதே வம்சத்தில் மருந்து போடாத குப்பியைப் புரொபசர் எண்ணினார். அதிலும் எட்டு. முதலில் என்னைத்தான் பிடித்தார், எல்லாக் கூழிலும் மருந்தைக் கலந்துவிட்டேனாம். எனக்குச் சுருக்கென்றது. மருந்துக் குப்பி ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டிய பிறகுதான் ஊற்றுகிறவன் நான். சீட்டைக் காட்டினேன். பிறகு அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இதை எப்படிக் குப்பி மாத்துறீங்க? செஞ்சு காட்டுங்க."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும். தட்டி அடியில் விழவைத்து, வாயை அடைத்த பஞ்சை எடுத்து, புதுக் குப்பியின் மேல் கவிழ்த்து மறுபடி தட்டினால் எல்லாமே அதில் கொட்டிவிடும். மற்ற வம்சங்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்தாள். இந்த ஒன்றுக்கு மட்டும் தட்டவில்லை. பழைய குப்பியைக் கீழே நிறுத்தி, புதியதை அதன் வாய்மேல் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தாள். ஈக்கள் ஒவ்வொன்றாய்த் தாமாகவே மேலே ஏறின.

"தட்டினா பொத்துனு விழுதுங்க சார். எந்திரிக்க என்ன பாடு படுதுங்க. அவரு வீட்ல தினம் விழுறாரு. இதுங்களைத் தட்ட எனக்குக் கை வரல."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா சார்."

புரொபசர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏற முடிந்தவை மட்டுமே புதுக் குப்பிக்குப் போய் முட்டையிட்டிருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளிலும் ஏறியவைதான். எழுபது தலைமுறைக்கு மேல் இப்படி. நோய் உள்ளே இருக்க, அதைத் தாங்குகிற ஈயாகப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறாள். பழைய வம்சம் வேறெங்கும் இல்லை. ஈயை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவதும் லேசில் ஆகிற காரியமில்லை.

"அப்போ மருந்து?"

"வேலை செய்யுதா இல்லையானு இந்த ஈயை வச்சுச் சொல்லவே முடியாதும்மா. மறுபடி முதல்லேருந்து பண்ணணும். ரெண்டு வருஷம், மூணு வருஷம்..."

"அவருக்கு அவ்வளவு நாள் இல்லையே சார்."

புரொபசர் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. இந்த ஈக்கள் எப்படித் தாங்குகின்றன என்பதையே ஆராயலாம் என்று ஏதோ ஆறுதலாகச் சொன்னார். அதுவும் வருடக்கணக்கு வேலை என்று எனக்கே தெரியும்.

"நீங்களும் வாங்கண்ணே. எனக்குச் சொல்ல வராது" என்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். போனேன்.  ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பெயின்டர், "வாங்கண்ணே, ஈயெல்லாம் நல்லா சாப்பிடுதா?" என்றார். அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏறுனதை எல்லாம் புதுக் குப்பிக்குக் கொண்டு போயிட்டே, சரி. ஏற முடியாம கீழ கிடந்துச்சே, அதை என்ன பண்ணினே?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும். நான் சுவரைப் பார்த்தேன்.

"பஞ்சு வச்சு மூடி, கழுவுற குப்பியோட போட்டுடுவேன்."

"உயிரோடவா?"

"நான் பாக்கலைங்க. அதுங்க விழுறதைப் பாக்க முடியாமத்தானே அப்படிச் செஞ்சேன்."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். பிறகு எழுந்திருக்கச் சுவரைத் தேடினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கை நீட்டினோம்.

"வேணாம். அங்கேயே நின்னு பாருங்க" என்றார்.

மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் நாற்காலியிலேயே விழுந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.