எந்த அகராதியை நம்புவது?

ஆங்கிலம் படிப்பிக்கிறவனுக்குப் பிழை விடுகிற மாணவனைவிட, பிழையே விடாததுபோல் நிற்கிற அகராதிதான் பெரிய பயம்.

யுத்தக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தனியார் ஆங்கில வகுப்பில் நான் தற்காலிக ஆசிரியர். மேல்வகுப்புக்கு ஏற்ற ஓர் இணைய அகராதியைத் தெரிந்தெடுத்துச் சொல்வது என் பொறுப்பு. சரியாகச் சொன்னால்தான் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் எவருமில்லை. உங்களில் சிலருக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கும்.

இலவசம்

முதலில் மூன்று அகராதிகளைத் திறந்து வகுப்பை நடத்துகிற முதலாளிக்குக் காட்டினேன். அவர் சொற்களைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில், நமக்குப் பரிசு விழுந்திருப்பதாக மினுங்கிக்கொண்டிருந்த விளம்பரத்தையே பார்த்தார். கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, காசு வாங்காமல் சொல்லுக்குக் கருத்துச் சொல்லுறவன், மேலால பரிசும் ஏன் தாறான்?”

உச்சரிப்பு

மாணவர்கள் பத்திரிகையில் கண்டு கேட்ட சொற்களையே மூன்றிலும் தேடி ஒப்பிட்டேன். அந்த வருடங்களில் பத்திரிகையில் என்ன சொற்கள் வந்தன என்று சொல்லத் தேவையில்லை.

சோதனைச் சாவடிக்கு எதிரேயிருந்த நெட் கஃபேயில் ‘சரண்டர்’ என்ற சொல்லின் ஒலிக்குறியை அழுத்தினேன். சத்தமில்லை. இணைப்பு மந்தம். திரும்பத் திரும்ப அழுத்தினேன். திடீரென்று எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு வெள்ளைக்காரக் குரல் தெருவுக்கே கேட்கும்படி “சரண்டர்! சரண்டர்! சரண்டர்!” என்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். வாசலுக்கு வந்த கடற்படைக்காரர் என் அடையாள அட்டையையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் தம்பி என்று அழைத்துக் கேட்டார்: “மல்லி, யாரு சரண்டர்? நீயா, கம்ப்யூட்டரா?”

விளங்கினால் குறை

மூன்றில் ஒன்று, கடினமான சொல்லுக்கும் எளிய சொற்களால் கருத்துச் சொன்னது. வசனத்தில் எப்படிப் பாவிப்பது என்றும் காட்டியது. எனக்குப் பிடித்துக்கொண்டது. கிண்ணியாவிலிருந்து தோணித்துறை கடந்து வருகிற ஃபரீதா டீச்சரிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், என்னிடம் மேல்வகுப்பு மாணவி. என்னைவிட மூத்தவர், வகுப்பிலே கெட்டிக்காரி. வாசித்தார், முகம் சுருங்கியது. மற்ற அகராதியைத் திறந்தார். அதில் ஒரு வரியும் விளங்கவில்லை என்று திருப்தியோடு சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்: “சேர், எனக்கே விளங்குதெண்டா, அது எப்பிடி மேல்வகுப்பு டிக்சனரி?”

முடிவு

அந்த எளிய அகராதியையே முதலாளியிடம் சொன்னேன். அதன் குறைகளையும் சொன்னேன்: உதாரணங்களில் பனி பெய்யும், எங்கள் ஊர் மீன்கள் பலவும் இல்லை, லைன் அறுந்தால் அகராதியும் இல்லை.

“நீர் இதை நம்புறீரோ?” என்றார்.

ஓம் என்றால் வேலை கிடைக்கும் என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன்:

“முழுக்க நம்ப ஏலாது, சேர். இன்னொண்டோட ஒத்துப் பார்க்காமல் வகுப்பில சொல்ல மாட்டன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். “முந்தி இருந்த ஆள் எதைக் கேட்டாலும் ஓம் எண்டவர். அதாலதான் வேலையால அனுப்பினனான். உம்மட வேலை கன்ஃபேம்.”

அன்று பின்னேரம் நெட் கஃபேக்குப் போய், ஒலிக்குறியைத் தொடாமல், ‘கன்ஃபேம்’ என்ற சொல்லை மூன்று அகராதிகளிலும் பார்த்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.