ஆயுத பூஜைக்கு முந்தைய மதியம்

நாலு வருடத்துக்கு முன்பு, அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயைத் தாக்கும் மருந்துகளைச் சோதிக்க, அதற்கென்றே தயாரித்த செல்களை வளர்ப்பது எங்கள் வேலை. கேட்கத்தான் பெரிதாக இருக்கும். பாதி நாள் அவற்றுக்குச் சாப்பாடு ஊற்றுவதும், இடம் போதாமல் நெருக்கினால் வேறு ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவதும்தான். கைக்குழந்தைகூட இவ்வளவு பிடுங்காது.

அதில் ஒரு செல் வகை நானே உருவாக்கியது. ஒரு மரபணுவை உள்ளே செலுத்தி, அதை ஏற்காத செல்கள் சாகும்படி ஆன்டிபயாடிக் ஊற்றி, பிழைத்ததில் ஒன்றே ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அந்த ஒன்றிலிருந்து லட்சக்கணக்கில் பெருக்கினேன். அந்த ஆன்டிபயாடிக்கை விடாமல் ஊற்றி வந்தால், எத்தனை தலைமுறை பெருகினாலும் அந்த மரபணு நிலைத்திருக்கும். சோதிக்கிற மருந்து வேலை செய்தால் செல் ஒளிரும். முடிக்கப் பத்து மாதம் ஆனது. “சுமந்து பெத்த பிள்ளை” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அதைத் தினமும் கவனித்துக்கொண்டவர் ஒரு டெக்னீஷியன் அக்கா. தேனாம்பேட்டைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அதை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தார். கூடத்தில் இன்னொரு செல் வகையும் இருந்தது, வெளியிலிருந்து வாங்கியது. அதைத் தொடும் அனுமதி எனக்கு மட்டும்தான்.

செல் வளர்ப்பில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு வகையை ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. ஒன்றை முடித்து, மூடி, இடத்தைத் துடைத்து, சற்று நேரம் விட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்!

ஆயுத பூஜையன்று எங்கள் கூடத்தில் எந்தக் கருவியையும் தொட மாட்டோம். மைக்ராஸ்கோப், இன்குபேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை அவற்றுக்கு ஓய்வு. அதனால் செல்களுக்கு வேண்டியதை முந்தைய நாளே முடித்தாக வேண்டும். அன்று மதியம் கூடம் முழுக்க வாளியும் துடைப்பமுமாக இருந்தது. எனக்கோ மாட வீதியில் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. “நீங்க சுத்தம் பண்றதப் பாருங்கக்கா, ரெண்டையும் நானே முடிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு ஃபிளாஸ்க்கையும் சேர்த்தே திறந்து வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். வீட்டுக்குப் போனதும் அது மறந்தே போய்விட்டது.

சில வாரம் கழித்து என் செல்களின் ஒளி மங்க ஆரம்பித்தது. போகப் போக இன்னும் மங்கியது. ஒரு மருந்துக் கம்பெனிக்குக் காட்ட வைத்திருந்த முடிவுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. முன்பே உறைய வைத்திருந்த செல்களை எடுத்து வளர்த்தால் அவை பளிச்சென்று ஒளிர்ந்தன. அப்படியானால் செல்லில் கோளாறு இல்லை, கவனித்தவர் கையில்தான் கோளாறு என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். அக்கா ஆன்டிபயாடிக் ஊற்ற மறந்திருப்பார், செல்கள் மரபணுவைக் கைவிட்டிருக்கும். அது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். “ஊத்தினீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்கக்கா.”

“ஒரு நாள்கூட வுட்டதில்ல மேடம்” என்றார். அதற்கு மேல் அவர் வாயே திறக்கவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் சொல்லிக்கொண்டு போக வந்தபோது மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணை நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

ஆறு மாதம் கழித்து, எங்கள் செல்கள் எல்லாம் அந்தந்த வகைதானா என்று மரபணுவை வைத்து உறுதி செய்யும் சோதனைக்கு மாதிரிகள் அனுப்பினோம். மங்கிப் போனதிலும் கொஞ்சம் சேர்த்து அனுப்பினேன். அறிக்கை வந்தது. அது என் செல்லே இல்லை. நான் மட்டும் தொட்ட அந்த இன்னொரு வகை. அதுவும் அதே ஆன்டிபயாடிக்கைத் தாங்கக்கூடியது, வளர்கிற வேகமும் அதிகம். என் கையால் ஒரு சொட்டு போய் விழுந்திருக்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது. அந்த மதியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன், தவறு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்றே என்றார். கடிதம் ஃபைலுக்குள் போனது.

அக்கா தி. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன். வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் வரிசையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “இன்னா மேடம், உடம்புக்கு எதனா?” என்று பதறினார். கூட்டம் குறைந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, “எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். ரெண்டையும் தொறந்து வச்சிகினு இருந்தீங்க. பின்னால ஜன்னல் தொடச்சிகினு பாத்துகினுதான் இருந்தேன்” என்றார்.

அப்படியென்றால் மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

மகளைப் பற்றிக் கேட்டேன். அந்த வருடப் படிப்பு பாதியில் நின்றுபோனதாம். “இப்ப மறுபடியும் போய்கினு கீது” என்று சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கை தவறாத ஆய்வுக்கூடம் எங்கேயும் கிடையாது, அதனால் அந்த ஒரு சொட்டை என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் வேலையே போகிற நேரத்திலும், கண்ணால் பார்த்த உண்மையை இவளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று ஒருவர் வாயை மூடிக்கொள்ளும்படி நான் இருந்திருக்கிறேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் முகத்தையே பார்க்கப் பிடிப்பதில்லை.